குறைந்து வந்த கரண்ட் பில்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேஜையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் அவள். விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, ஏறுமாறான காலர் எதுவும் அவள் பார்வைக்குத் தப்பாது. அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று தையல்காரர்களே சொல்வார்கள்.

கணவர் கல் அறுக்கும் பட்டறையில் இருந்தவர். அந்தத் தூசி நுரையீரலில் குடியேறி, அறுபது வயதுக்குள் ஆளைக் கட்டிலோடு கட்டிலாக்கிவிட்டது. மருத்துவமனையில் ஓர் ஆக்ஸிஜன் மெஷினைக் கொடுத்து அனுப்பினார்கள். தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் ஓட வேண்டும் என்றார்கள். மெஷினுக்குக் காசு வாங்கவில்லை. அது குடிக்கிற கரண்டுக்கு யார் பொறுப்பு என்று அவளும் கேட்கவில்லை.

மெஷின் வந்த பிறகு முதல் பில் வந்தது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனது. சோலார் போட்டால் பில் பயமே இல்லை என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள். விசாரித்தாள். மானியம் உண்டுதான், ஆனால் முழுப் பணத்தையும் முதலில் நாம் கட்டி, தகடு மாட்டி, அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் அது கைக்கு வரும். காதில் கிடப்பதைக் கழற்றிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் வந்தார். மொட்டைமாடியைச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்தார். கீழே வந்து, காரை உதிர்ந்து துருக்கம்பி தெரிந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இது மேல நான் ஸ்டாண்ட் போட மாட்டேன். பெரிய காத்து அடிச்சா தகடோட கூரையும் சேர்ந்து வரும்."

கூரையைச் சரிசெய்ய, கொத்தனார் சோலாரைப்போல இரண்டு மடங்கு கேட்டார். வேலையிலிருந்து ஓய்வுபெற மூன்று வருடமே இருப்பவளுக்கு அவ்வளவு கடன் தர முடியாது என்று பேங்கில் கையை விரித்தார்கள். கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

"இவ்வளவு வெயில் நம்ம தலைக்கு மேல சும்மாதானே காயுது. துணியாவது காயட்டும் விடு" என்றார்.

அடுத்த பில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்து வந்தது. அவள் இரண்டு முறை படித்தாள். நல்லகாலம் பிறந்துவிட்டது என்றுகூட நினைத்தாள். மறுநாள் காலை, ஒரு சட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றது. சூப்பர்வைசரிடம் என்ன சொன்னாள் என்றே தெரியாது. பதினொரு மணிக்கு வீட்டில் இருந்தாள்.

மெஷின் சத்தமில்லை. குழாய் மட்டும் மூக்கில் மாட்டியபடி இருந்தது, பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தால் தெரியக்கூடாது என்பதற்காக. உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைக் கண்டதும், எழுந்து உட்கார முடியாமல் படுத்தபடியே ஸ்விட்ச்சுக்குக் கையை நீட்டினார். எட்டவில்லை.

அவளே போட்டுவிட்டாள். "எத்தனை நாளாங்க?"

"நீ வேலைக்குப் போனதும் நிறுத்துவேன். வர்ற நேரத்துக்குப் போட்டுடுவேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "அசையாம படுத்திருந்தா தாங்குது."

அவள் திட்டவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பில்லைப் பார்த்து முந்தின நாள் சந்தோஷப்பட்டிருந்தாளே, அதுதான் அவளை அறுத்தது.

மறுவாரமே வேலையை விட்டாள். அவரைத் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. பீஸ் கணக்கில் நூல் பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கு வாங்கி, ஸ்விட்ச்சுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துக்கொண்டாள். வருமானம் பாதியானது. ஃபிரிட்ஜ் விலைக்குப் போனது. அவர் அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கோபமா, மூச்சில்லையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. ஏழு மாதம் இருந்தார். ஒரு மத்தியானம், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போனார்.

மருத்துவமனை ஆள் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு மெஷினைத் தூக்கிப் போனான். அவள் பழைய தொழிற்சாலைக்குப் போய் நின்றாள். செக்கிங் மேஜையில் வேறு ஆள் போட்டிருந்தார்கள். நாள்கூலிக்கு, பெட்டி ஒட்டும் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள்.