மீன் பெட்டியில் இன்சுலின்

மருந்து ஆராய்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பார்மசி காலேஜில் படம் போட்டுக் காட்டுகிற அளவுக்கு நான் பெரிய ஆள்.

பொய். ஆராய்ச்சி செய்தது அவர்கள். காலேஜில் படமாகப் போட்டது என் மீன் பெட்டியை. அதுவும் மருந்தை எப்படி வைக்கக் கூடாது என்று சொல்வதற்காக. படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் தெரிகிறது. அந்த அளவுக்குத்தான் நான் பெரிய ஆள்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. மீன் மடிக்கிற பேப்பரைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினவன். அதனால் உலக நடப்பு எனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி யாராவது வீட்டுக்குச் சங்கரா மீனைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும். விடிவதற்குள் மணமேல்குடிக் கரையில் மீன் எடுத்து, வண்டிக்குப் பின்னால் கட்டி, ஊர் ஊராக விற்றுக்கொண்டே அரிமளம் பக்கம் வீடு வந்து சேர உச்சி வெயில் ஆகிவிடும். விற்காத மீனை வீட்டிலிருக்கும் பெரிய தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மூடுவேன். ஐஸ் மேல் ஒரு கை கல்லுப்பு அள்ளித் தூவுவேன். உப்புப் போட்டால் குளிர் இன்னும் இறங்கும். எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் அதுதான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே என் வீட்டுக்காரியின் கால் விரலை வாங்கப் பார்த்தேன்.

அவளுக்குச் சர்க்கரை. மாத்திரைக்கு அடங்காமல் ஊசிக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இன்சுலின் புட்டியைக் கொடுக்கும்போதே குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கரண்ட் ஏறி இறங்கியதில் செத்துப்போய், இப்போது அதில் போர்வை வைத்திருக்கிறோம். ஆனால் குளிர்ச்சிக்கு நான் ஏன் கவலைப்பட வேண்டும்? எங்கள் ஊரில் குளிர்ச்சிக்கே முதலாளி நான்தானே. புட்டியைப் பையில் போட்டு முடிந்து ஐஸுக்குள் புதைத்துவிட்டேன்.

“ஊசி போட்டதுலேருந்து மேலெல்லாம் கவுச்சி அடிக்குதுங்க. பூனை பின்னாலயே வருது” என்பாள்.

“பூனைக்குத் தெரிஞ்ச அரும ஒனக்குத் தெரியலையே. கலெக்டர் வீட்டு மருந்துகூட இம்புட்டுக் குளுகுளுன்னு இருக்காது புள்ள.”

வலது கால் பெருவிரலுக்கு அடியில் அவளுக்கு ஒரு முள் குத்தியது. முள் போய்விட்டது, புண் போகவில்லை. சர்க்கரையும் இறங்கவில்லை. டாக்டர் போகும்போதெல்லாம் ஊசி அளவை ஏற்றினார். கடைசியாகப் போனபோது, இப்படியே இருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். வருகிற வழியெல்லாம் வண்டியின் பின்னால் அவள் பேசவே இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது.

“மெட்டி போடுற வெரலு பத்தரமாத்தான இருக்கு” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சொன்ன எனக்கே சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பார்மசி காலேஜ் பொண்ணு வந்தது. கழுத்தில் அட்டை, வெயிலில் கறுத்த முகம். வீட்டில் இன்சுலினை எங்கே வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டுமாம். ஆராய்ச்சியாம். ஆராய்ச்சி என்றால் வெள்ளை எலியும் புகை விடுகிற கண்ணாடிக் குழாயும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

“இதெல்லாமா பாப்பா ஆராய்ச்சி? எங்க வீட்டு மூலையில என்ன இருக்கப் போவுது?”

“மருந்து கண்டுபிடிக்கிறவங்க வேற ஐயா. கண்டுபிடிச்ச மருந்து ஒங்க வீட்டுக்கு வந்த பெறகு என்ன ஆகுதுன்னு பாக்குறது எங்க வேல” என்றது.

இதை நான் யோசித்ததே இல்லை. எங்கேயோ ஒரு கம்பெனியில் பிறந்து, குளிர்ப்பெட்டி லாரியில் ஏறி, ஆஸ்பத்திரியில் இறங்கி, பச்சைப் பிள்ளையைப் போல் கை மாறிக் கை மாறி வருகிறது மருந்து. கடைசிக் கை என்னுடையது. அந்தக் கடைசிக் கையைத் தேடிக்கொண்டு ஒரு பொண்ணு தெருத் தெருவாக வருகிறது.

பெருமையோடு பெட்டியைத் திறந்தேன். வஞ்சிர மீன் தலையை நகர்த்தி, புட்டியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அது வாங்கி உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டியது. வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. முகம் மாறிவிட்டது.

“ஐயா, இது எப்பவாச்சும் கட்டியாயிருக்கா?”

“தெனமும் ஆவும். கல்லு மாதிரி. கையில வச்சு எளக்கித்தான் ஊசியில ஏத்துவேன்.”

“இங்கிட்டு வந்து பாருங்க” என்று என்னையும் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டது. ஒரே சீராகப் பால் போல் இருக்க வேண்டிய மருந்து, திரிந்த பால் மாதிரி துணுக்குத் துணுக்காக மிதந்தது. தினமும் கையில் எடுத்தவன் நான். ஒரு நாளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் இல்லை.

“இது செத்துப்போச்சு ஐயா. ஐஸாக விடவே கூடாது.”

எனக்குக் கோபம் வந்தது. என்னிடமே ஐஸைப் பற்றிக் குறை சொல்வதா?

“என்னம்மா பேசுற? மீனை நாலு நாளு வைக்கிறேன், கண்ணு பளபளன்னு இருக்கு. ஐஸுல வச்சா கெடுமா?”

“மீனு ஏற்கெனவே செத்துப்போனது ஐயா. அத ஐஸுல வைக்கலாம். இது இன்னும் வேல செய்ய வேண்டிய சாமான்.”

சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி, “நல்லாக் கேட்டுக்கங்க” என்றாள்.

அந்தப் பொண்ணு கீழே உட்கார்ந்து சொன்னது. இன்சுலின் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் மாதிரியாம். எப்படியோ மடிந்து, சுருண்டு, ஒரு வடிவத்தில் இருக்குமாம். அந்த வடிவத்தில் இருந்தால்தான் உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்ளுமாம். உறைந்தால் மடிப்புக் கலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். பிறகு எவ்வளவு இளக்கினாலும் பழையபடி மடியாதாம்.

“வலைய மடிக்கிற மாதிரியா?”

“அப்படித்தான் வச்சுக்கங்களேன்.”

கரையில் வலை மடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மடிப்புத் தவறினால் கடலில் விரியாது. கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குள் அப்படி ஒரு மடிப்பு இருப்பதையும், அதை ஒருத்தர் தெரிந்துவைத்திருப்பதையும் நினைத்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வலையைத்தான் நான் தினம் உப்புப் போட்டுக் குலைத்திருக்கிறேன்.

பதறிப்போய் எழுந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த இன்னொரு புட்டி, பெட்டியில் இடமில்லாததால் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் பிரிக்காமலே இருந்தது. அதைப் பிரித்து ஊசியை எடுத்தேன்.

“இதுல ஐஸ் படல. இப்பவே போட்டு விட்டுருவோம்.”

“நில்லுங்க ஐயா. எம்புட்டுப் போடுவீங்க?”

டாக்டர் கடைசியாக ஏற்றிச் சொன்ன கோட்டை ஊசியில் தொட்டுக் காட்டினேன். அந்தப் பொண்ணு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

“போட்டுறாதீங்க. செத்த மருந்து வேல செய்யலைன்னுதான் டாக்டரு அளவ ஏத்திக்கிட்டே போயிருக்காரு. இது நல்ல மருந்து. இதுல அந்த அளவு போட்டா அம்மாவுக்குச் சர்க்கரை ஒரேடியா எறங்கிரும். மயக்கம் போட்டு விழுந்து, எந்திரிக்காமலே போயிருவாங்க.”

ஊசியைக் கீழே வைத்தேன். என் வீட்டுக்காரி எட்டி அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

நான் இதுவரை பார்த்த அதிசயத்தில் பெரியது எது என்று கேட்டால், அந்தப் பொண்ணு அந்த நேரத்தில் கேட்ட கேள்வியைத்தான் சொல்வேன். மருந்து கெட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பொண்ணின் வேலை அத்தோடு முடிந்தது. நல்ல மருந்து உடம்புக்குள் போனதும் என்ன நடக்கும் என்று ஒரு எட்டு முன்னால் போய்ப் பார்த்தது. நான் ஐம்பது வருஷமாகப் பேசிக்கொண்டே இருக்கிறேன், ஒரு எட்டு முன்னால் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அது போன் போட்டுத் தன் காலேஜ் மேடத்திடம் சொல்ல, இரண்டு புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போனோம். டாக்டர் திரிந்த புட்டியை ஆட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“என்ன தொழில் செய்றீங்க?”

“மீன் விக்கிறேங்க.”

“சரிதான்” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. ஊசி அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினார். அவளைப் படுக்க வைத்து, விரல் நுனியில் குத்திக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். சர்க்கரை இறங்கத் தொடங்கியது. புண்ணுக்குக் கட்டு மாற்ற அடிக்கடி வரச் சொல்லி, விரலைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அந்தப் பொண்ணும் மேடமும் இரண்டு மண்பானைகளோடு வந்தார்கள். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் மணல், மணலில் தண்ணீர், மேலே ஈரச் சாக்கு. சின்னப் பானைக்குள் ஒரு டப்பா, டப்பாவுக்குள் மருந்து.

“பானையில தண்ணி குளிரும்னு கழுதைக்கும் தெரியும். இதுக்கா பாப்பா காலேஜு?”

“குளிரும்னு எல்லாருக்கும் தெரியும் ஐயா. சித்திர வெயில்ல, ஒங்க வீட்ல, மருந்துக்குப் போதுமான அளவு குளிருமான்னு யாருக்குத் தெரியும்?” என்றார் மேடம்.

கழுதைக்குத் தெரியாத இடம் அது.

சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்றைச் சின்னப் பானைக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். சூட்டை அளந்து அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். அடுத்த வாரம் வந்து போனில் பார்த்தபோது ஒரு கோடு வந்தது. வெளியே வெயில் கொளுத்திய நேரத்திலும் கோடு அதிகம் ஏறாமல் அடக்கமாகப் போனது. கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை. வெறும் மண்ணும் தண்ணியும் காற்றும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோடு மேலே எழும்பியது.

“இந்த மத்தியானம் மணலுக்குத் தண்ணி ஊத்தல போல” என்றது அந்தப் பொண்ணு.

“ஊத்துறேன்னு சொல்லிட்டு டீக்கடைக்குப் போனவரு இங்கதான் நிக்கிறாரு” என்றாள் என் வீட்டுக்காரி.

என்னைக் காட்டிக்கொடுக்கத் தெரிந்த பொத்தானைக் கும்பிடத் தோன்றியது. ஆசைக்கு என் மீன் பெட்டியிலும் ஒன்றைப் போடச் சொல்லிக் கேட்டேன். போட்டார்கள். கோடு பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் படுத்துக் கிடந்தது. அந்தக் கோட்டையும், நான் மூடியைத் திறந்து பிடித்தபோது எடுத்த பெட்டிப் படத்தையும்தான் காலேஜில் காட்டியிருக்கிறார்கள். ஆள் பெயர் போட மாட்டார்களாம், அது ஆராய்ச்சியில் மரியாதையாம். எனக்கும் அது நல்லதாகத்தான் போயிற்று.

விரலை எடுப்பதா வேண்டாமா என்று டாக்டர் முடிவு சொல்கிற நாள் வந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நர்சம்மா கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுத்து சுத்தாகத் துணி விழுகிற சத்தம் கேட்டது. டாக்டர் குனிந்து பார்த்தார். நர்சம்மாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி…

“ஏங்க, எழுதுனது போதும், எந்திரிங்க. பஸ் வர்ற நேரமாச்சு. நான் செருப்பப் போட்டுக்கிட்டு முன்னாடி நடக்குறேன், நீங்க கதவப் பூட்டிட்டு வாங்க.”

வாசலிலிருந்து என் வீட்டுக்காரி சொன்னதோடு சரி. தெருமுனை வரைக்கும் போய்விட்டாள். பத்து விரலும் சேர்ந்து போடுகிற அந்த நடைக்கு நான் ஓடினால்தான் எட்டிப் பிடிக்க முடியும்.