அடியிலும் பாறை

நேற்று மனைவி சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள். அந்தச் சத்தத்தில் ஜவ்வாது மலையில் இருந்த எங்கள் சாமை நிலம் நினைவுக்கு வந்தது.

நிலத்தின் நடுவே பெரிய பாறை ஒன்று கிடந்தது. அதை எடுத்துவிட்டால் விளைச்சல் கூடும், பிழைக்க மலையடிவாரத்துச் செங்கத்துக்குப் போகவேண்டாம் என்று அப்பா நம்பினார். காலையிலிருந்து அதன்மேல் விறகெரித்து, மாலையில் குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றினார். வெந்த கல்லின் வாடையோடு பாறை பிளந்தது. அம்மா பிளவுக்குள் கடப்பாரையை விட்டுப் பார்த்தாள்.

“இன்னாங்க, அடியிலயும் பாறதான் கீது.”

“இன்னும் கொஞ்சம் ஆழமா வுட்டுப் பாரு” என்றார் அப்பா.

அந்தப் பாறை உருவாகப் பல கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று பின்னால் படித்தேன். அதைப் பிளக்க அப்பாவுக்கு ஒரு பகல் போதுமாயிருந்தது. மலையை விட்டு இறங்க மனம் வரத்தான் ஒரு வருடம் பிடித்தது.