அண்ணி விடாமல் சொன்ன அறை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் அப்பீல் கோர்ட்டில் என்ன நடக்கும் என்று தெரியாமல், ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவர்கள் நாங்கள் மட்டுமாக இருக்க மாட்டோம் என்று தோன்றியது.

சிதம்பரத்தில் என்னோடு ஆட்டோ ஓட்டும் கூட்டாளியின் அண்ணன், கடலூர் முதுநகரில் மீன் வியாபாரி. ஏலத்தில் வந்த தகராறில் இன்னொரு வியாபாரி அவரைக் குத்திக் கொன்றுவிட்டான். கடலூர் கோர்ட்டு அவனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அவன் சென்னை ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டான். ஆயுள் நிற்க வேண்டும். கூட்டாளிக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

சம்பவத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தது அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணி; அதன்பிறகு பிள்ளைகளோடு சிதம்பரத்துக்கே வந்துவிட்டார். ஹைகோர்ட்டிலும் அவர்தான் சாட்சி சொல்வார் என்று நாங்களே முடிவு செய்து, வீட்டில் ஒத்திகை வைத்தோம். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நான் எதிர்த்தரப்பு வக்கீல் ஆனேன்.

"யம்மா, கத்தி எங்கேருந்து வந்துச்சி?"

"அங்கதான் கெடந்துச்சி தம்பி, மீன் வெட்டுற கத்தி. இவருதான் மொதல்ல அவன் கன்னத்துல அறைஞ்சாரு. அவன் ஒடனே..."

"அண்ணி, அந்த அறைஞ்ச கதைய வுட்டுடுங்க" என்றான் கூட்டாளி.

"கடலூர்ல சொல்லிட்டனே."

"அது அங்க. இது மேல்கோர்ட்டு. எல்லாம் புதுசா கேப்பாங்க."

"சாட்சிக்கு எடுத்துக் குடுக்காத மச்சான், வெளிய அனுப்பிடுவேன்" என்றேன். அண்ணி சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை.

அண்ணியோடு ஏலக்கூடத்து ஆட்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு சென்னை போனோம். வராந்தாவில் அரசு வக்கீல் எங்கள் கூட்டத்தைப் பார்த்து மிரண்டார்.

"இவங்கள்லாம் யாரு?"

"சாட்சிங்க சார்."

"இங்க யாரையும் கூண்டுல ஏத்த மாட்டாங்கப்பா. கடலூர்ல சொன்னதெல்லாம் டைப் அடிச்சி ஜட்ஜுங்க கையில இருக்கு. அதப் படிச்சித்தான் அந்தத் தீர்ப்பு சரியா தப்பான்னு பாப்பாங்க."

நல்லவேளை, அந்த மழைக்கோட்டை நான் எடுத்துப் போகவில்லை.

உள்ளே இரண்டு ஜட்ஜுகள். எல்லாம் இங்கிலீஷில் ஓடியது. எனக்குத் தூக்கம் வந்த நேரத்தில் திடீரென்று தமிழ் கேட்டது. குத்தியவனின் வக்கீல் படித்துக்கொண்டிருந்தார்: "என் கணவர் முதலில் எதிரியின் கன்னத்தில் அறைந்தார். உடனே எதிரி அங்கே கிடந்த மீன் வெட்டும் கத்தியை எடுத்துக் குத்தினார்." ஒரு ஜட்ஜு அதையே மறுபடி படிக்கச் சொன்னார். கூட்டாளி அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அண்ணி ஜட்ஜுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு பிறகு வந்தது. குத்தியது அவன்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் திட்டம் போட்டு வரவில்லை, திடீரென்று மூண்ட சண்டை. அதனால் கொலை என்ற பிரிவை எடுத்துவிட்டு, அதற்குக் கீழான பிரிவில் போட்டு, ஆயுளைச் சில வருஷமாகக் குறைத்துவிட்டார்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அரசாங்கம் நஷ்டஈடு தர வேண்டும், அதற்குக் கடலூர் கோர்ட்டில் உள்ள சட்ட உதவி ஆபீஸில் மனு கொடுக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். இன்னும் மேலே போக வேண்டுமானால் டெல்லி. அங்கேயும் இதே காகிதங்கள்தான் என்றார் அரசு வக்கீல்.

"அந்த ஒண்ண மட்டும் சொல்லாம இருந்திருந்தா ஆயுள் நின்னிருக்கும்" என்று கூட்டாளி கத்தினான்.

"அத மறைச்சிருந்தா மத்தத யாரு நம்புவா? நான் உள்ளது சொல்றேன்னு நம்புனதாலதான் அவன் குத்துனான்னே எழுதியிருக்காங்க" என்றார் அண்ணி.

அதன்பிறகு அவன் அண்ணி வீட்டுப் பக்கமே போகவில்லை. மனு கொடுக்க அண்ணிக்குத் துணையாக நான்தான் கிளம்பினேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், அவன் எங்களுக்கு முன்பே கடலூர் பஸ்ஸில் சீட்டுப் பிடித்து உட்கார்ந்திருந்தான். அண்ணி பையை அவனிடம் கொடுத்தார்.

கடலூரில் அண்ணி ஆபீஸுக்குள் போனதும் நாங்கள் வெளியே டீ குடித்தோம். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"டெல்லிக்குப் போனா சொல்லு மச்சான், மழைக்கோட்ட தோச்சி வைக்கறேன். அந்த அறைய மட்டும் என்ன பண்ணலாம்?"

அவன் டீயை முடித்துவிட்டுச் சொன்னான்: "அவுங்க சொன்னது அப்படியே இருக்கட்டும்டா."