என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார்

பொங்கல் கழிந்த நாலாம் நாள், காலை எட்டே காலுக்கு நீடாமங்கலத்தில் பஸ் ஏறினேன். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் சுமார் நாற்பத்தெட்டு மைல். டிக்கெட் இரண்டு ரூபாய் நாற்பது பைசா. நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். உப்புக் குவியல்களை நேரில் பார்த்து வரைய வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வந்தவன், அங்கிருந்தே கிளம்பிவிட்டேன்.

அக்கா வாசல்வரை வந்து புலம்பினாள். "இப்பப் போயே ஆகணுமாடா? அந்தப் பக்கமெல்லாம் அறுப்புச் சண்டை. கூலிக்கு அரைப்படி நெல்லு கூடக் கேக்குறாங்களாம், மிராசுதாருங்க வெளியூரு ஆள எறக்குறாங்களாம். ஆளாளுக்கு அறுவாளோட திரியுறானுங்க."

"என்னை எவன்க்கா தொடப் போறான்?" என்றேன்.

அது சும்மா சொன்ன பேச்சு இல்லை. பதினெட்டு வயதில் என் விரல் நுனியில் தொடங்கிய வெள்ளை, முப்பத்தெட்டில் இரண்டு கைகளையும் உதட்டையும் பிடித்துவிட்டது. தோலில் நிறம் போவது, அவ்வளவுதான். ஒட்டாது. இதை நான் சொல்லாத ஆள் இல்லை. எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே நகர்ந்து உட்காருவார்கள். ஆரம்பத்தில் அழுதிருக்கிறேன். பிறகு அதில் ஒரு சௌகரியம் தெரிந்தது. எவ்வளவு கூட்டமானாலும் எனக்கு ஜன்னலோரம் கிடைக்கும். பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி போவேன். ஊர் என்னைத் தள்ளி வைத்தது போய், ஊரை நான் தள்ளி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு மன்னார்குடி. டீ பத்து பைசா. பாதிப் பேர் அங்கேயே இறங்கிவிட்டார்கள். "பூண்டி ரோடு சரியில்ல சார், வெள்ளனயே திரும்பிடுங்க," என்றார் கண்டக்டர். அதற்கப்புறம் பஸ்ஸில் பத்துப் பேர்கூட இல்லை. ஆட்சி மாறி ஊருக்கு ஊர் கருப்பு சிவப்புக் கொடி ஏறியிருந்தது. சில தெருமுனைகளில் தனிச் சிவப்புக் கொடி. முற்றிய கதிர் அறுப்பாரில்லாமல் சாய்ந்து கிடந்தது. ஒரு வயலில் மட்டும் வேகவேகமாக அறுவடை நடந்தது. அதை ஒட்டி ரோட்டோரம் போலீஸ் வண்டி நின்றது. எனக்கு அக்காவின் பேச்சு அப்போதுதான் காதில் ஏறியது.

ஒன்பதே முக்காலுக்கு ஒருவன் வயலுக்குள்ளிருந்து ஓடிவந்து கையைக் காட்டினான். முழங்கால்வரை சேறு. அக்குளில் துண்டில் சுற்றிய அறுவாள், மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பஸ் முழுக்கக் காலி இடம். அவன் நேராக என்னிடம் வந்தான். என் பையைத் தூக்கி என் மடியில் வைத்தான். தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்தான்.

என்னோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்து எத்தனை வருஷம்! சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் கண் அறுவாளுக்குத்தான் போனது. திருடனா? எவனையாவது வெட்டிவிட்டு வருகிறானா? என்னைப் பார்த்து ஒதுங்காதவன் யோக்கியனாக இருக்க முடியாது என்று என் மனசு தீர்ப்பே எழுதிவிட்டது. பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பத்து மணி இருக்கும். ஒரு புளியமரத்தடியில் ஜீப் ஒன்று ரோட்டை மறித்து நின்றது. கம்போடு நாலு பேர். பெரிய மீசைக்காரன் ஒருவன் பஸ்ஸுக்குள் ஏறினான்.

"முருகையன்னு ஒருத்தன் ஏறினானா?"

"பேரு கேட்டா டிக்கெட் குடுக்குறோங்க?" என்றார் கண்டக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு.

பக்கத்து ஆள் அறுவாளைக் காலால் சீட்டுக்கடியில் தள்ளினான். துண்டால் தலையையும் முகத்தையும் மூடி என் தோளில் சாய்ந்தான். அந்த உடம்பு நடுங்கிய நடுக்கம் என் பல்வரை ஏறியது. தேடுவது இவரைத்தான் என்பதும், இவர் என்னைவிடப் பயந்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் புரிந்தன.

"அது யாரு? துண்ட எடு!" மீசைக்காரன் நெருங்கினான்.

'தெரியாது' என்று சொன்னால் போதும். அது உண்மையும்கூட. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் கம்பு துண்டை நோக்கி நீண்டபோது, எப்படி என்று தெரியவில்லை, என் இரண்டு வெள்ளைக் கைகளையும் அவன் முகத்துக்கு நேரே தூக்கினேன்.

"கிட்ட வராதீங்க! என் தம்பிங்க. என்கிட்டேர்ந்து அவனுக்கும் ஒட்டிக்கிச்சு, மூஞ்சி பூரா. கடல்ல முங்க வைக்க வேதாரண்யம் கூட்டிட்டுப் போறேன். மூச்சுக்காத்து பட்டாலே தொத்திக்குதுங்க!"

மீசைக்காரன் பின்னால் போன வேகத்தில் கம்பி இடித்தது. எதையும் தொடாத கையை வேட்டியில் துடைத்தான். "சனியன், இதையெல்லாம் ஏன்யா பஸ்ல ஏத்துறீங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கினான். ஜீப் ஒதுங்கியது.

பஸ் கிளம்பியதும் இருந்த நாலைந்து பேரும் முன்பக்கம் போய்விட்டார்கள். இருபது வருஷம் ஒட்டாது, ஒட்டாது என்று சொன்ன வாய், ஒட்டும் என்று சத்தியம் பண்ணிவிட்டது. எல்லாரும் நம்பியது அந்த ஒரு தடவைதான்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்ங்க," என்றார் முருகையன். துண்டை எடுத்த முகத்தில் வேர்வை ஒழுகியது. "அரைப்படிக்கு முன்ன நின்னு பேசுனேன். ராத்திரிலேர்ந்து மிராசுதார் ஆளுங்க தொரத்துறானுவ. புடிச்சிருந்தா இன்னிக்கு என் பொண்டாட்டி தாலியறுத்திருப்பா."

"இவ்வளவு இடம் இருக்க, இங்க ஏன் வந்து உக்காந்தீங்க?"

"படியேறயிலயே பாத்தங்க. ஒங்களச் சுத்தி ஆளே இல்ல. இங்க குந்துனா எவனும் கிட்ட வரமாட்டான்னு பட்டுச்சு."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயம்தாங்க. அவனுவ மேல பெரிய பயம், ஒங்க மேல சின்னப் பயம். அவ்ளோதான்."

பத்தே முக்கால். திருத்துறைப்பூண்டிக்கு ஒரு மைல் முன்னால், ஒரு வாய்க்கால் மதகடியில், அறுவாளை மறுபடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு இறங்கினார். எதிரே வைக்கோல் வண்டிகள் வந்ததால் பஸ் அங்கேயே நின்றது. ஜன்னல் வழியே பார்த்தேன். வாய்க்காலில் குந்தி, சேற்றை அள்ளி, என்மேல் பட்ட கையைத் தோளிலிருந்து விரல்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

அடப்பாவி! எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை முட்டியது. கத்தலாம் என்று எழுந்தபோதுதான் தெரிந்தது, என் கை பைக்குள் இருந்தது. பர்ஸ் இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தது. எப்போது உள்ளே விட்டேன் என்று எனக்கே தெரியாது. பர்ஸ் பத்திரமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வேதாரண்யம். உப்பளத்தில் கண் கூசும் வெள்ளை. கை ஓடாமல் இரண்டே படம் வரைந்தேன். கூடை சுமந்த ஓர் அம்மா என் விரல்களைப் பார்த்து, "எந்த உப்புப் பாத்தில வேல பாக்குறீங்க? இப்புடி அரிச்சிருக்கே," என்றார். அவர் கால்களும் உப்பில் வெளுத்து வெடித்திருந்தன. அந்த இடத்தில் என் கை எல்லார் கையும் போல ஒரு கை. ஏனோ எனக்கு அது பிடிக்கவில்லை.

"உப்பு இல்லைங்க, இது என் சொந்த வெள்ளை," என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

மூன்றரைக்குத் திரும்பும் பஸ், காலையில் வந்த அதே கண்டக்டர். ஜன்னலோரம் உட்கார்ந்து, வழக்கம்போல் பையைப் பக்கத்து இடத்தில் வைத்தேன். அந்தப் பையை அங்கே வைக்கும்படி இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

புளியமரத்தடியில் பஸ் மெதுவாகப் போனது. ஜீப் இல்லை. காலையில் சாய்ந்து கிடந்த கதிர் அறுபட்டு, வயல் மொட்டையாகக் கிடந்தது. யார் அறுத்தார்கள் என்று கண்டக்டரைக் கேட்டேன். "தெரியாதுங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முருகையன் வீடு போய்ச் சேர்ந்தாரா என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. வழியில் ஏறியவர்கள் என் கையைப் பார்த்துவிட்டு முன்னால் போய் நின்றார்கள். நீடாமங்கலம்வரை பை மடியிலேயே இருந்தது, பக்கத்து இடமும் காலியாகவே வந்தது.