எம்.பி. நாற்காலிக்கு ஆள் சேர்த்த கதை

கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் தொழிலில், மேடையில் யார் பேசுகிறார் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். வேன் எப்போது திரும்பும், வழியில் குற்றாலத்தில் குளிக்க நிறுத்துவீர்களா என்றுதான் கேட்பார்கள். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு "இன்னும் ஒராளு, இன்னும் ஒராளு" என்று கூவியிருக்கும் என் போன்ற பாவப்பட்ட ஜென்மங்களுக்கு இது புரியும்.

போன கோடையில் தென்காசியில் பெரிய ஆர்ப்பாட்டம். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த நம் மாநிலத்துக்கு, ஜனம் குறைவு என்று சொல்லி எம்.பி. தொகுதியில் பங்கைக் குறைக்கக் கூடாது என்பது கோரிக்கை. நியாயம்தானே? நானும் ஒரே மகளோடு நிறுத்தியவள். இலத்தூர் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. அங்கேயும் பிள்ளைகள் குறைவு. ஜூனில் புதுப்பிள்ளைகள் சேராவிட்டால் பூட்டிவிடுவார்களாம்.

ஆம்பளக் குரல்

கட்சிப் பொறுப்பாளர் அண்ணாச்சிக்கு முன்வரிசையில் ஆண்கள் வேண்டும். அப்போதுதான் கோஷம் கனமாகக் கேட்குமாம். தெருத்தெருவாக ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் மகன் ராணுவத்தில். அடுத்த வீட்டில் மகன் போலீஸ். அவன் வேலைக்கு வில்லங்கம் வந்துவிடும் என்று அப்பாக்காரர் வாசலுக்கே வரவில்லை. பாத்திமா அக்கா வீட்டில் மாப்பிள்ளை, கொழுந்தன் எல்லோரும் சவூதி. அக்கா சிரித்தாள். "வேணும்னா வீடியோ கால் போட்டுத் தாரேன். போனத் தூக்கிப் பிடி, அங்கன இருந்தே கோஷம் போடட்டும்."

சூளைக்குப் போனேன்

வேறு வழி? செங்கல் சூளைக்குப் போய் பீகார் ஆட்களைக் கூப்பிட்டேன். அவர்களில் மனோஜ் பல வருஷமாக இங்கே இருப்பவன், எங்கள் பேச்சையே பேசுவான். தோளில் கட்சித் துண்டைப் போட்டதும் "என்ன விஷயம்?" என்றான். உங்க பக்கம் ஜனம் அதிகம், அதனால் எம்.பி.யும் அதிகமாகிவிடும், அதை எதிர்த்துத்தான் என்று நெளிந்துகொண்டே சொன்னேன். அவன் துண்டை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தான். "எங்க ஊருக்கு எம்.பி. கூடுனா அங்கன சூளை வருமாக்கா? அதக் கேட்டுச் சொல்லுங்க, பொறவு கத்துதேன்."

அதே வேன்

கடைசியில் பெண்களை வைத்தே பந்தலை நிரப்பினேன். மேடையில் ஒருவர், புதுசாகக் கல்யாணமானவர்கள் தாராளமாகப் பிள்ளை பெற வேண்டும் என்று முழங்கினார். கைதட்டல். பீடி சுற்றும் தங்கம் மதினி மட்டும் தட்டவில்லை. "அன்னைக்கு ஆபரேசனுக்கு வேன்ல ஏத்துனாவ. இன்னைக்குப் பிள்ள பெறச் சொல்ல வேன்ல ஏத்துதாவ. வளக்கதுக்கு ஒரு வேனும் வரலியே ஏட்டி."

லோக்கல் விஷயம்

கூட்டம் கலையும்போது அண்ணாச்சியை மறித்தேன். எங்கள் பள்ளியைப் பற்றியும் மேடையில் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாமே என்றேன். அவர் காரில் ஒரு காலை வைத்துக்கொண்டே சொன்னார்: "அது லோக்கல் விஷயம்லாம்மா. இப்ப நாடு தழுவி நிக்கோம்."

சாரல்

மறுநாள் அதே சூளைக்குப் போய் எங்கள் பள்ளியில் சேர்க்க மனோஜிடம் அவன் பிள்ளைகளைக் கேட்டேன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சரி என்றான். பக்கத்துக் குடிசைகளிலும் பேசி வைத்தான். பள்ளி டீச்சருக்கு முகமெல்லாம் பல். ஆனால் சாரல் மழை முந்திக்கொண்டது. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று ஊரே குற்றாலத்துக்கு ஓடியது. சுடாத பச்சைக்கல் நனைந்தால் சூளையில் வேலை கிடையாது. பள்ளி திறக்கும் முன்னே மனோஜ் வீட்டார் உட்பட அத்தனை பேரும் ரயிலேறிவிட்டார்கள். பூட்டைத் தொங்கவிட்ட அன்று டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பந்தல் நிறைய ஆள் கொண்டாந்த ஒனக்கு, ஒரு பெஞ்சு நிறையப் பிள்ள கெடைக்கலியே வேணி."

பிள்ளை குறைந்ததற்காக டெல்லியில் நாற்காலி போகக் கூடாது என்று கத்த நான் வேன் வேனாக ஆள் ஏற்றினேன். அதே பிள்ளை குறைந்ததற்காக எங்கள் ஊரில் பெஞ்சு போனபோது, கத்துவதற்கு நானும் என் மகளும்தான் இருந்தோம், அதுவும் அவளை இலத்தூர் பள்ளிக்கு ஏற்றிவிட, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி.