திருநீற்றுப் பொட்டலத்தில் கொலைகாரன்

போன வாரம் ஒரு கொலைகாரனைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன். பதற வேண்டாம்... நாவலில் வருகிற கொலைகாரன்தான்.

இந்த மாதம் இரண்டு புத்தகம் படித்தேன். ஒன்று டச்சுக்காரர் காலத்து வரலாறு. எங்கள் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு அதில் நாலு பக்கம். நாற்பது வருஷமாக அதைத் தாண்டித்தான் பஸ் ஏறுகிறேன். உள்ளே கல்லறைகள் இருப்பது புத்தகம் சொல்லித்தான் தெரிந்தது! யார் யாரைத் தீர்த்துக்கட்டினார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, ஏன் என்பதைச் சாவகாசமாக விளக்குகிற புத்தகம்.

இன்னொன்று பழைய மர்ம நாவல். ஒரு பங்களா, ஒரு பிணம், ஆறு பேர் மேல் சந்தேகம். கிருத்திகைக்குத் திருப்போரூர் போனபோதும் பையில் இருந்தது. முருகன் மன்னிப்பார் — பஸ்ஸில் மட்டும்தான் படித்தேன்.

சந்நிதியில் குருக்கள் என் கை நிறையத் திருநீறு போட்டார். மடிக்கத் தாள்? என் மனைவி பைக்குள் கையை விட்டாள். சர்ரென்று ஒரு சத்தம். பொட்டலம் தயார். ஊர் திரும்பியதும் அதைப் பக்கத்து வீட்டுச் செல்வத்திடம் கொடுத்தாள். படகில் வைக்க அவன் கேட்டிருந்தான்.

சாயங்காலம் நாவலை எடுத்தேன். இன்ஸ்பெக்டர் விரலை நீட்டி, "கொலை செய்தது வேறு யாருமில்லை..." என்கிறார். புரட்டினால் — அட்டை!

"கடைசித் தாளு சும்மாதான இருக்கும்னு கிழிச்சேன். எல்லா புக்கும் அப்டிதான கீது?" என்றாள் மனைவி.

மறுநாள் காலை விளக்கேற்றிக் கண்ணை மூடினேன். ஆறு முகம் தெரிந்தது. ஆனால் என் முருகன் இல்லை. பங்களாவின் ஆறு பேரும் வரிசையாக நிற்கிறார்கள்! சாமி கும்பிட முடியாமல் ஒரு மனிதன் எப்படி இருப்பது? நேராகக் கரைக்குப் போனேன்.

படகு வந்து ஒதுங்கியது. செல்வமும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

"செல்வம், அந்தத் துன்னூறு பொட்டலம்..."

"நாங்களே உன்னத்தான் தேடிகினு கீறோம் அண்ணாத்த! நெத்தில வெச்சிக்கலாம்னு பிரிச்சா கொலகாரன் பேரு போட்டுக்கீது. யாரு செத்தான்? இன்னாத்துக்குக் கொன்னான்? மூணு பேருக்கும் மண்ட காயுது!"

"மொதல்ல தாளைக் கொடுப்பா."

"மொதல்ல கதைய சொல்லு. அப்பால தாளு."

அவர்கள் அதை வரலாறாகப் படித்திருக்கிறார்கள், நான் மர்மமாக. அவ்வளவுதான் வித்தியாசம். கொலைகாரன் தெரிந்துவிட்டாலும் நமக்குத் தூக்கம் வருவதில்லை. 'ஏன்' என்பது அதைவிடப் பெரிய மர்மம் இல்லையா?

வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டே கேட்டார்கள். நானும் கழற்றிக்கொண்டே சொன்னேன். முடித்ததும் செல்வம் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நீட்டினான். மேலே திருநீறு, ஓரத்தில் மீன் செதில். படித்தேன். அடப்பாவி, அவனா!

குளித்துவிட்டுக் கண்ணை மூடினேன். முருகன் வந்தார். தனியாக.

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஏங்க... கடைசீல யாருதான் கொன்னது?"

நீ கிழித்தபோதே பார்த்திருக்கலாமே என்று வாய் வரை வந்தது. தோசை இன்னும் கல்லில்தான் இருந்தது. பேரைச் சொல்லிவிட்டேன்.