அவள் காத்திருந்த மெயில்

என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம் உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். அடையாறில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில், கூட வேலை செய்பவர்களை ஏமாற்றுவதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். இணையத் திருடர்கள் அனுப்புகிற மாதிரியே ஒரு போலி மெயிலைத் தயாரித்து எல்லாருக்கும் அனுப்புவேன். யார் அதிலுள்ள லிங்க்கைத் தொடுகிறார்கள், யார் பாஸ்வேர்டு வரைக்கும் அடித்துக் கொடுக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பேன். சிக்கியவர்களுக்கு அரைமணி நேர வகுப்பு உண்டு. நிஜத் திருடனிடம் மாட்டுவதற்கு முன்னால் என்னிடம் மாட்டட்டுமே என்பதுதான் இதிலுள்ள நியாயம்.

எனக்கு அந்த வேலையில் கொஞ்சம் திமிரும் இருந்தது. பாஸ்வேர்டின் கடைசியில் அந்தந்த மாதத்தின் பெயரைச் சேர்ப்பவர்களையும், 'பிறகு நினைவூட்டு' என்று அமுக்கியே ஒரு வருஷமாக அப்டேட்டைத் தள்ளிப்போடுபவர்களையும் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவசரக்காரர்களும் அசட்டையானவர்களும்தான் ஏமாறுகிறார்கள் என்று நம்பினேன். வருஷத்தில் மூன்று முறை சிக்கியவர்கள் அலுவலக லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்ற விதியை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

அந்த இரண்டு தப்பையும் செய்கிற ஒருத்தியோடுதான் நான் தினமும் சாப்பிட்டேன். வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருந்தாள். நான் மயிலாப்பூரிலிருந்து வருகிறவள், அவள் வேளச்சேரியிலிருந்து. சாயங்காலம் பறக்கும் ரயில் நிலையம் வரை ஒன்றாக நடந்து போய், எதிரெதிர் பிளாட்பாரத்தில் ஏறி நின்று, இருவரில் ஒருவரின் ரயில் வரும் வரை கையாட்டிக்கொண்டிருப்போம். ஏழு வருஷப் பழக்கம் அது.

டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே, "இன்னாடி, இந்த வாரம் யாருக்குக் குழி வெட்டிக்கினு கீற?" என்பாள். வாடிக்கையாளரிடம் போனில் அப்படி ஒரு சுத்தமான தமிழ் பேசுகிறவள், எங்களிடம் வந்ததும் வியாசர்பாடியில் பிறந்ததைக் காட்டிவிடுவாள்.

சாப்பாட்டு மேஜையில் டெஸ்டிங் பிரிவு நண்பர் ஒருவரும் இருப்பார். போனில் வருகிற தொழில்நுட்பச் செய்திகளை அவர் உரக்கப் படிப்பார், நாங்கள் தீர்ப்பு சொல்வோம். இனி எல்லா வேலையையும் செயற்கை நுண்ணறிவே செய்துவிடும் என்று ஒருநாள் படித்தார். "மொதல்ல அத்த என் பொண்ண ஸ்கூல்லேந்து இட்டுக்கினு வரச் சொல்லு. அப்பால பேசலாம்" என்றாள் அவள்.

அவளுடைய கவலையெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கிறது. கணவருக்கு வேலை வெளியூரில். பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை, இவள் வீடு திரும்பும் வரை எதிர் ஃப்ளாட்டில் இருக்கும். அந்த எதிர் ஃப்ளாட்டு அம்மா மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனிடம் போகிறார். அதனால் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டு இவள் விண்ணப்பித்திருந்தாள். கிடைக்காவிட்டால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை.

எந்த ஊரிலோ ஒரு பெரிய அலுவலகமே போலி மெயிலில் ஏமாந்த செய்தியை நண்பர் படித்த அன்று, அவள் வாயில் சோற்றோடு சிரித்தாள். "லாட்டரி, பார்சல்னு வந்தா இனிமே நான் தொட மாட்டேன்பா. ரெண்டு தபா பட்டாச்சு. ஆனா வூட்லேந்து வேலை பார்க்க உனக்குப் பர்மிஷன் குட்துட்டோம்னு ஒரு மெயில் வந்துச்சுன்னு வெச்சுக்கோ, கண்ண மூடிக்கினு அமுக்கிடுவேன்."

நானும் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து புது போலி மெயில் எழுத உட்கார்ந்தேன். சுங்கத்தில் பார்சல் நிற்கிறது, கார்டு முடங்கிவிட்டது என்ற பழைய கதைகளெல்லாம் சலித்துவிட்டிருந்தன. 'வீட்டிலிருந்து பணிபுரிய விண்ணப்பித்தவர்களின் கவனத்திற்கு: உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று எழுதினேன். அவள் சொன்னது அப்போது நினைவில் இல்லை என்று பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். நினைவில் இருந்தது. இது நன்றாக வேலை செய்யும் என்ற சந்தோஷத்தில், அதை யார் சொன்னார்கள் என்பதை ஓரமாகத் தள்ளிவைத்தேன், அவ்வளவுதான்.

மாலை நாலு மணிக்கு அனுப்பினேன். அதுவரை நான் எழுதிய எதற்கும் அவ்வளவு பேர் சிக்கியதில்லை. திரையில் பெயர்கள் ஏற ஏற, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் போல உட்கார்ந்திருந்தேன். நாலாவதோ ஐந்தாவதோ பெயர் அவளுடையது. பாஸ்வேர்டு வரை கொடுத்திருந்தாள். மூன்றாவது முறை. இனி அவளால் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அப்புறம் நிஜமான அனுமதியே வந்தாலும் பிரயோஜனமில்லை.

அதை நான் முழுசாகப் புரிந்துகொள்வதற்குள் அவளே என் இடத்துக்கு ஓடி வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கெட்ச்சிட்ச்சுடி! மெயில் வந்துட்ச்சு. பாப்பாவுக்குப் போன் போட்டு சொல்லிட்டேன். திங்கக்கெழமைலேந்து அம்மா வூட்லயே இருப்பேன்னு சொன்னதும் போன்லயே ஒரே கத்து. எதிர் வூட்டம்மாவும் அழுவுறாங்க."

சோதனை என்ற விவரத்தை மறுநாள் காலை வரை வெளியில் சொல்லக் கூடாது. சொன்னால் ஒருவர் மற்றவரை எச்சரித்துவிடுவார்கள். அந்த விதியும் என்னுடையதுதான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

"அது நான் அனுப்பினது" என்றேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. அனுமதி வாங்கிக் கொடுத்ததே நான் என்று நினைத்துக்கொண்டு, நன்றி சொல்லக்கூட வாயெடுத்தாள். பிறகு என் திரையில் இருந்த பட்டியலைப் பார்த்தாள். என் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்போ பாப்பாகிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பித் தன் இடத்துக்குப் போய்விட்டாள். அன்று ரயில் நிலையத்துக்குத் தனியாகத்தான் நடந்தேன். எதிர் பிளாட்பாரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் அவளுடைய துப்பட்டா மட்டும் தெரிந்தது. கையாட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மேலாளரிடம் போனேன். ஒரு தோழி மனம்விட்டுச் சொன்னதைத் திருடி அந்த மெயிலை எழுதினேன், அதனால் சோதனையை ரத்து செய்ய வேண்டும் என்றேன். ரிசல்ட் பிரமாதமாக வந்திருக்கிறதே என்று அவர் தயங்கினார்.

"நிஜத் திருடன் இதையெல்லாம் பார்ப்பானா?" என்றார்.

"திருடன் அவகூட உக்காந்து சாப்பிட மாட்டான் சார்."

கடைசியில் மேலாளர் சோதனையை ரத்து செய்தார். அவளுடைய மூன்றாவது முறையும் கணக்கில் வராதபடி அந்தப் பட்டியலை அழித்துவிட்டு, எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் அனுப்பச் சொன்னார். போலி மெயில் எழுதுகிற வேலையையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார். ஊழியர்கள் தங்களுக்கு வந்த மெயிலில் சந்தேகம் என்று பொத்தானை அமுக்கினால் அது என் திரைக்கு வரும். அதைப் பரிசோதித்து நல்லதா கெட்டதா என்று சொல்வது மட்டும்தான் அதன் பிறகு என் வேலை.

அவள் என்னோடு சாப்பிட வரவில்லை. நண்பர் மட்டும் வந்து செய்தி படிப்பார். தீர்ப்பு சொல்ல ஆளில்லாமல் அவரும் சீக்கிரமே நிறுத்திவிட்டார். எனக்கு அவள் மேல் ஒருநாள் கோபம்கூட வந்தது. ஏழு வருஷத்துக்காக ஒரு தடவை மன்னிக்கக் கூடாதா என்று. அடுத்த நிமிஷமே அந்தக் குழந்தை போனில் கத்தியது என் காதில் கேட்கும்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, சந்தேகப் பட்டியலில் அவள் பெயர் வந்தது. திறந்து பார்த்தேன். 'வீட்டிலிருந்து பணிபுரிய நீங்கள் கோரிய அனுமதி வழங்கப்பட்டுள்ளது. இன்று மாலைக்குள் ஏற்பைத் தெரிவிக்கவும். தவறினால் அனுமதி காத்திருப்போர் பட்டியலில் அடுத்துள்ளவருக்கு வழங்கப்படும்.'

அனுப்பியவர் யார், எந்த வழியாக வந்தது, லிங்க் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். எல்லாம் நிஜம். அதற்கும் மனசு கேட்காமல் மனிதவளப் பிரிவுக்குப் போன் செய்து கேட்டேன். ஆமாம், நாங்கள்தான் அனுப்பினோம் என்றார்கள்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் இரண்டு மாடி இறங்கி ஓடினேன். அவள் காதில் ஹெட்செட்டோடு யாருக்கோ பொறுமையாக வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அது முடிகிற வரை பக்கத்திலேயே நின்றேன். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த மெயில் நிஜம்" என்றேன்.

"உன்னுது இல்லியா?"

"இல்ல. சத்தியமா இல்ல. இன்னிக்கே ஓகே சொல்லணும்."

அவள் மெயிலைத் திறந்தாள். கை மௌஸின் மேல் இருந்தது, அமுக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "நீயே அமுக்கு" என்றாள்.

குனிந்து அமுக்கினேன். ஏற்பு பதிவாகிவிட்டது என்று திரையில் வந்ததும் அவள் அதை இரண்டு முறை படித்தாள். அவள் கண் கலங்கியது. என் கண்ணும்தான். எவ்வளவோ நாளாகச் சொல்ல நினைத்த மன்னிப்பையெல்லாம் விட்டுவிட்டு, "பாப்பாவுக்குப் போன் பண்ணு, சந்தோஷப்படுவா" என்றேன்.

போனைக் கையில் எடுத்தாள். பிறகு மறுபடி மேஜைமேல் வைத்தாள்.

"வோணாம். போன்ல சொன்னா இனிமே அது நம்பாது. திங்கக்கெழம அது ஸ்கூல் வுட்டு வரும்போது நான் கதவத் தொறக்கிறேன். அப்போ தெரிஞ்சுக்கட்டும்."